டிரம்மில் அடைத்த விதைநெல்

பேராவூரணி பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. புயலில் தென்னை மொத்தமும் சாய்ந்த பிறகு, "இனி எதுக்கும் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது. விதைநெல்லையும் நாமளே வெச்சுக்கணும்" என்றார் என் கணவர்.

அறுவடையானதும் நல்ல நெல்லாகப் பார்த்து ரோட்டில் காயப்போட்டோம். மேகம் கூடியதால் ஒரு வெயிலோடு அள்ளி, நீல டிரம்மில் கொட்டினோம். "சாக்குல கட்டலாமேங்க" என்றேன். "சாக்குன்னா எலி கடிச்சிடும். இதுல காத்துகூடப் புகாது" என்று இறுக மூடினார்.

சம்பாவுக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் டிரம்மைத் திறந்தோம். குப்பென்று புளித்த வாடை. மனசு கேட்காமல் ஊறவைத்து, வைக்கோல் போட்டு மூடினோம். ஒரு மணிகூட முளைக்கவில்லை. ஈரத்தோடு அடைத்ததில் விதை உள்ளேயே செத்திருந்தது. அதற்குள் கடைகளிலும் விதை தீர்ந்துவிட்டது. ஊரெல்லாம் பச்சையாக இருக்க, எங்கள் வயல் மட்டும் தரிசாகக் கிடந்தது.

அதன்பின் பூதலூரில் இருக்கும் என் அண்ணனிடம் விதைநெல் வாங்கினேன். கடித்தால் டக்கென்று உடையும்வரை காயவைத்து, சாக்கில் கட்டி, பலகைமேல் வைத்தேன். எலி தின்பது தின்னட்டும். விதைப்புக்கு முன்னால் ஒரு கைப்பிடியை ஈரத்துணியில் முடிந்து சோதிக்கவும் பழகிக்கொண்டேன்.

இந்த வருஷம் துணியில் முடிந்து வைத்தது அத்தனையும் முளைத்தது. ஓடிப்போய்க் காட்டினேன். அவர் காய்ந்த வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தார். விதைக்கிற பருவமே தாண்டப் போகிறது; எங்கள் பக்கம் இன்னும் தண்ணீர் வரவில்லை.

துணியை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோழிக்குப் போடு."