துரவில் விழுந்த குதிரை

எங்கள் நெடுந்தீவில் குதிரையைக் கண்டு யாரும் வாயைப் பிளப்பதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட குதிரைகளின் வாரிசுகள் தெற்கு வெளியில் கூட்டமாக மேய்ந்து திரியும். எங்களைக் கண்டால் அவை ஓடும். நாங்களும் எட்ட நின்று பார்த்துவிட்டு எங்கள் பாட்டில் போவோம். அதற்கு மேல் இரண்டு பகுதிக்கும் எந்த உறவும் இருந்ததில்லை. அந்த ஒழுங்கு குலைந்தது எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தமிழரை அடித்து விரட்டிய ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அப்பா வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்த வருடத்தில்.

அப்பாவுக்கு நாட்டின் தெற்கே, சிங்களவர் வாழும் ஒரு சிறு பட்டணத்தில் பலசரக்குக் கடை இருந்தது. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் வருவார். வரும்போது ஒரு தகரப்பெட்டி வரும். அதைத் திறந்தால் வீடு முழுவதும் ஏலக்காய் மணக்கும். அந்த முறை வைகாசி முடிவில், திருவிழா ஏதும் இல்லாத ஒரு நாளில், தன்னுடையதல்லாத ஒரு தொளதொளத்த சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பெட்டி இல்லை. எனக்கு முதலில் வந்த துக்கம் பெட்டியைப் பற்றியதுதான்.

என்ன நடந்ததென்று அவர் எனக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொன்னதைக் குசினிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கடையை உடைத்து எரித்துவிட்டார்கள். கதவுப் பலகையில் முதலில் கை வைத்தவன், காலையில் கடைக்கு வந்து அப்பாவின் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடிக்கும் பொடியன். அப்பாவை மா மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர் பக்கத்துக் கடையில் பாண் சுட்டு விற்கும் போறணைக்காரர். அந்தப் பொடியனும் போறணைக்காரரும் ஒரே தெருவில் வசித்தவர்கள், ஒரே சிங்களம் பேசியவர்கள். அப்பாவுக்கு அதுதான் பிடிபடவில்லை போலிருக்கிறது. "ஆரை நம்புறதெண்டு தெரியேல்லை" என்று அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னார்.

அதன்பிறகு அப்பா விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு, வாசலைப் பாராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பின்வளவில் பனம்பழம் விழுந்தால்கூட எழும்பி நிற்பார். காற்றில் குசினிக் கூரைத் தகரம் அடித்தால் உள்ளே போய்விடுவார். அம்மா அந்தத் தகரத்தைக் கல் வைத்து அமர்த்தினாள்.

ஆவணியில் கிணறுகளெல்லாம் அடியைக் காட்டின. தெற்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பனங்காணி இருந்தது. அதில் தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்க வெட்டிய பழைய துரவு ஒன்று உண்டு. வாய் அகன்ற பெரிய குழி. அதன் அடியில் மிஞ்சியிருந்த சேற்றுத் தண்ணீரைத் தேடி வந்த ஒரு பெண்குதிரை உள்ளே விழுந்துவிட்டது. அயலட்டை ஆண்கள் வந்து படலையில் நின்று செய்தி சொன்னார்கள். பின்னேரத்துக்குள் செத்துவிடும், மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் நாற்றம் வராது என்பது அவர்களின் யோசனை.

அப்பா கதிரையை விட்டு எழும்பினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் நானும் ஓடினேன்.

குதிரை வயிறு வரை சேற்றில் நின்றது. தலையைத் தூக்கக்கூட அதனிடம் பலமில்லை. ஒருவர் கயிற்றோடு வந்தார். கயிற்றைக் கண்டதும் அந்தப் பலமற்ற உடம்பு எங்கிருந்தோ பலத்தை எடுத்து, குழியின் சுவரில் மோதி மோதி விழுந்தது. அதன் கழுத்தைச் சுற்றி உரோமம் முளைக்காத ஒரு தழும்பு ஓடியது. எப்போதோ யாரோ சுருக்குப் போட்டுப் பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள்.

"கயிறு வேண்டாம்" என்றார் அப்பா. "கரையைச் சரிச்சு வெட்டுவம். தானாய் ஏறட்டும்."

"தோட்டம் கொத்தவே ஆள் இல்லை, குதிரைக்கு றோட்டுப் போடுறதோ?" என்று ஒருவர் சிரித்தார். ஆனால் அப்பா தனியே வெட்டத் தொடங்கியதும் சிரித்தவரே மண்வெட்டி வாங்கி வந்தார். வெயில் சாயும்போது சரிவு அடி வரை போய்விட்டது. அப்பா சேற்றில் இறங்கிப் பின்னால் நின்று தோளால் முட்டுக்கொடுத்தார். குதிரை ஏறியது. ஏறி நாலு எட்டு வைத்துக் கரையில் விழுந்தது. பின்னங்காலில் கல் கிழித்த காயம் எலும்பு தெரிய ஆழமாக இருந்தது. மாட்டுவண்டியில் ஏற்றி எங்கள் வளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

வீட்டின் பின்னால் முருகைக்கல் மதில் சூழ்ந்த ஆட்டுப் பட்டி ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதற்குள் குதிரையை விட்டோம். எழும்ப முடிந்த நாளிலிருந்து அது மூலைக்கு மூலை ஓடியது. படலையில் ஆள் நிழல் விழுந்தால் போதும், கண் வெள்ளை தெரிய மதிலோடு ஒட்டிக்கொண்டு நடுங்கும்.

அப்பாவுக்குத் தராசு தெரியும், சீனி மூட்டை தெரியும். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் போல அவர் நடிக்கவும் இல்லை. குதிரையையே கேட்டார் என்று சொல்லலாம். படலைக்கு வெளியே நின்று அது எப்போது காதைப் பின்னுக்கு மடிக்கிறது, எப்போது மூச்சு விடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்த் தவிட்டு வாளியை வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் குந்தினார். நாள் முழுவதும் திரும்பத் திரும்ப அப்படியே. மறுநாளும் அப்படியே. அது தவித்தால் எழும்பி வந்துவிடுவார். அது சாந்தமாக நின்றாலும் எழும்பி வந்துவிடுவார்.

"ஏனப்பா, நல்லாய் நிக்கேக்கை வாறியள்?" என்று கேட்டேன்.

"நல்லாய் நிண்டால் ஆரும் தன்னை ஆக்கினைப்படுத்த மாட்டினமெண்டு அதுக்குத் தெரிய வேணும், பிள்ளை."

ஊரில் கதை பரவியது. அவர் குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார் என்பதை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு போனார்கள். அப்பா ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் குதிரை தானாக வந்து அவருடைய சேட்டின் பின்பக்கத்தை மணந்து பார்த்தது. அப்பா அசையவில்லை. மதிலுக்கு மேலால் அதைக் கண்ட எனக்கு மட்டும் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பிறகு கை கழுத்தில் பட்டது. கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து முதுகு, கடைசியாகக் கால். உப்புத் தண்ணீரால் காயத்தைக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினார். கயிறு கூடாது என்பதால் அம்மாவின் பழைய நூல் சேலையைக் கிழித்துப் பின்னித் தலைக்கு ஒரு வார் செய்தார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. சத்தத்துக்கு அது மிரளும் என்பதால், அது தவிடு தின்னும்போது தூரத்தில் இருந்து ஒரு பழைய தகரத்தைத் தட்ட வேண்டும். முதலில் விரலால். சில நாள் போகக் குச்சியால். ஒவ்வொரு முறையும் அப்பா குதிரையின் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய நெற்றி வியர்த்து வழியும். "இன்னும் கொஞ்சம் பலமாய்த் தட்டு" என்பார், பல்லைக் கடித்துக்கொண்டு. குதிரைக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக அவரும் பயந்த மாதிரி நடிக்கிறார் என்று நான் நினைத்தேன். அப்பா நல்ல நடிகர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியும் வைத்தேன்.

தீபாவளிக்கு மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அதே பட்டணத்தில் அவருக்கும் கடை. அவர் முந்தியே திரும்பிப் போய்த் திறந்துவிட்டார்.

"மச்சான், ஊர் அடங்கிட்டுது" என்றார். "உம்மடை கடைக்கு அந்தப் போறணைக்காரன் பலகை போட்டுப் பூட்டி, திறப்பையும் தன்னட்டை வைச்சுக்கொண்டு காத்திருக்கிறான். வாரும் போவம்."

"குதிரையின்ரை கால் இன்னும் ஆறேல்லை" என்றார் அப்பா.

மாமா அப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு பட்டியின் பக்கம் பார்த்தார். தடை எதுவென்று அவருக்கு விளங்கிவிட்டது. தடையை நீக்குவதில் அவர் கெட்டிக்காரர்.

மறுநாள் காலை அப்பா தவிடு வாங்கப் போயிருந்த நேரம், மாமா இரண்டு ஆட்களோடு பட்டிக்குள் போனார். "உதென்ன பெரிய வேலை? ஒரு காலமை காணும்" என்று என்னிடம் சொன்னார். சுருக்குப் போட்டார்கள். பூவரசில் இழுத்துக் கட்டினார்கள். தடியால் இரண்டு அடி போட்டு அடக்கிவிட்டு மாமா ஏறினார். குதிரை போட்ட சத்தம் அதற்கு முன்னும் பின்னும் நான் எந்தப் பிராணியிடமும் கேளாதது. மாமா மதிலோடு போய் விழுந்தார். குதிரையின் காயம் திரும்பப் பிளந்து இரத்தம் ஓடியது. வாயில் நுரை தள்ள, கயிறு கழுத்தை அறுக்க, அது மரத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தது.

அப்பா வந்தார். கத்தியால் கயிற்றை அறுத்தார். பிறகு முழங்கையைத் தடவிக்கொண்டு நின்ற மாமாவிடம் சொன்னார்:

"நான் இவ்வளவு நாளும் கட்டினதை நீர் ஒரு காலமையிலை இடிச்சுப்போட்டீர். இனி இந்தப் படலைக்குள்ளை வரக்கூடாது."

"ஒரு மிருகத்துக்காக என்னோடை கோவிக்கிறீரோ?"

"ஓம்."

மாமா அடுத்த வள்ளத்தில் போய்விட்டார். மச்சானுக்குத் தலை கழன்றுவிட்டது என்று துறை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனாராம். அம்மா அழுதாள். "இஞ்சருங்கோ, அண்ணையோடை இப்பிடியே கதைக்கிறது? உந்தக் குதிரை எங்களுக்குச் சோறு போடுமோ?"

"போடாது" என்றார் அப்பா. "ஆனால் இப்பிடியே விட ஏலாது. முதலிலை இருந்து துவங்கவேணும்" என்றார்.

முதலில் என்றால் முதலிலேயே. இந்த முறை குதிரை தவிட்டைத் தொடவே இல்லை. அப்பாவைக் கண்டாலும் மதிலோடு மோதியது. அவர் படலைக்கு வெளியே போய், அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார். மாரி தொடங்கியது. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இருந்தார். வாளி நனைந்தால் தவிட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தார். மதிலுக்கு மேலால் பார்க்கவும் இப்போது ஆள் வரவில்லை. ஊருக்கு அலுத்துவிட்டது. அப்பாவுக்கு அலுக்கவில்லை. ஒருநாள் கொட்டும் மழையில் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு போய் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே வராமல், அவரைப் போலவே முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். அன்றைக்குத்தான் குதிரை திரும்பவும் தவிட்டில் வாய் வைத்தது.

தை பிறந்தபோது நிலமெல்லாம் பச்சை. காயம் ஆறி, குதிரை வார் கூட இல்லாமல் அப்பாவின் பின்னால் வளவைச் சுற்றி நடந்தது. ஒரு காலை அப்பா துலாவில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். குதிரை பக்கத்தில் நின்றது. கை நழுவி, வாளி கிணற்றுக் கட்டில் அடித்துப் பெரிய சத்தத்தோடு விழ, துலாக்கயிறு சுழன்று போய்க் குதிரையின் கழுத்தில் பட்டது. குதிரை துள்ளி, வளவின் கடைசி மூலைக்குப் பறந்தது. அங்கே நின்று நடுங்கியது.

அப்பா கூப்பிடவில்லை. கிணற்றடியில் நின்ற இடத்திலேயே நின்றார். தகரம் தட்டும்போது போலவே கண்ணை மூடிக்கொண்டார்.

குதிரை தலையைத் திருப்பிப் பார்த்தது. நடுக்கம் விடவில்லை. நடுக்கத்தோடேயே ஒவ்வொரு காலாக வைத்து வந்தது. கிணற்றடிக்கு வந்து, தலையை அப்பாவின் தோளில் சாய்த்தது.

அப்பா அதன் கழுத்துத் தழும்பைத் தடவினார். "மனிசர் உனக்கு இவ்வளவு செய்தும், என்னெண்டடி இன்னொரு மனிசனிட்டை வந்தனீ?" என்று கேட்டார்.

குதிரை பதில் சொல்லாது என்பதால் நான் சொன்னேன்: "நீங்கள் தவிடு குடுத்தனீங்கள் அப்பா. அதுதான் வந்தது."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஊர் வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் கண்டதில்லை. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். தண்ணீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

அன்று பின்னேரம் அவர் அம்மாவிடம், தான் கடையைத் திறக்கப் போவதாகச் சொன்னார்.

"பயமில்லையோ?" என்று அம்மா கேட்டாள்.

"பயம்தான்" என்றார் அப்பா.

அடுத்த கிழமை வெள்ளை வேட்டி கட்டி, மாமாவுக்கும் ஆள் அனுப்பிச் சமாதானம் சொல்லி, துறைக்குப் போய் வள்ளம் ஏறினார். குதிரை அம்மாவோடு நின்றது. நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து பல வருடங்கள் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தது. அம்மாவைத் தவிர வேறு பெண் வாளி வைத்தால் குடிக்காது என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

எனக்கு அப்பாமேல் கோபம். குதிரை வேலை முடிந்துவிட்டது, ஆகவே போய்விட்டார் என்றுதான் விளங்கிக்கொண்டேன். அது பழகாமலே இருந்திருந்தால் அவர் எங்களோடு இருந்திருப்பார் என்று நினைத்து, குதிரையோடும் சில நாள் முகம் கொடுக்காமல் திரிந்தேன். ஒன்றில் மட்டும் எனக்கு ஆறுதல் இருந்தது. கிணற்றடியில் அப்பா கேட்ட கேள்விக்குக் குதிரையின் சார்பில் நான் சரியான பதிலைச் சொல்லிவிட்டேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.