தூக்கணாங்குருவி போல்டர்

எங்கள் முதலாளியின் ரகசியக் காப்பு சின்ன காஞ்சிபுரம் முழுக்கப் பிரசித்தம். சம்பந்தியே வந்தாலும் முதலில் தறிமேல் துணி போட்டு மூடுவார், பிறகுதான் காபி. புடவை டிசைனை யாரும் களவாடிவிடக் கூடாதே. கம்ப்யூட்டரில் டிசைன் போடும் எனக்குப் பென் டிரைவ்கூடத் தடை. அதே முதலாளிதான், இரட்டைச் செலவு எதற்கென்று, சொந்தத் தறியும் வைத்திருக்கும் பக்கத்துப் புடவைக்கடையோடு ஒரே இன்டர்நெட்டை மொட்டைமாடிச் சுவர் வழியாக ஒயர் இழுத்துப் பங்கு போட்டுக்கொண்டவர்.

ஆறு வருடம் பழைய அன்னத்தையும் மல்லிமொக்கையும் போட்டுச் சலித்த பிறகு, என் சொந்த டிசைன் ஒன்றுக்கு முதல்முறையாகச் சம்மதம் கிடைத்தது. கரை நெடுகத் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள். மாகறல் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்துப் பார்த்து மனதில் வைத்திருந்தவை. இரண்டு மாதம் வரைந்தேன். நெய்வதற்கு முன் அதை, தறிக்கு டிசைனைச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளைகளாகப் போட வேண்டும். அந்த இயந்திரம் கீழே, வேறொரு கம்ப்யூட்டரில். அது என் போல்டரை நெட்வொர்க் வழியாகத் திறந்துகொள்ளும்.

அன்று காலை திறக்கவில்லை.

“அக்கா, உள்ள வுட மாட்டேங்குது. பர்மிஷன் இல்லைன்னு சொல்லிக்கினே இருக்குது,” என்றார் கீழே அந்த இயந்திரத்தில் அட்டை அடிப்பவர்.

ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். முதலாளி பின்னால் நின்று பெருமூச்சு விட்டார், அதுவும் உதவவில்லை. கடைசியில் அனுமதிப் பட்டியலில் ‘எல்லாரும்’ என்றொரு வரி கண்ணில் பட்டது. முழு உரிமை கொடுத்தேன். பட்டென்று திறந்தது. எல்லாரும் என்றால் யார் யார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. கீழே இருக்கிற ஒருவர்தானே.

“இனிமே இன்ஜினீயரே வேணாம்மா!” என்றார் முதலாளி. மூன்று நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

புடவை பாதி நெய்திருந்தபோது, கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொன்னார் முதலாளி. மாதம் ஒருமுறை அவருக்குக் களவு போகுமோ என்ற சந்தேகம் வரும். நானும் ‘எல்லாரையும்’ நீக்கிவிட்டு, அட்டை அடிப்பவருக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில், பக்கத்துக் கடையில் டிசைன் போடும் தம்பி மாடிச் சுவரருகே நின்று கூப்பிட்டார்.

“அக்கா, உங்க போல்டர் திடீர்னு தொறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்கக்கா.”

போனேன். அவர் திரையில், முன்பே நகலெடுத்துவைத்த என் கூடுகள், பச்சைக்குப் பதில் அரக்கில். பின்னால் தறியில் ஒரு முழம் நெய்தும் ஆகியிருந்தது. திட்டலாம் என்றால், கதவைத் திறந்து வைத்தவளே நான்தான்.

“நெட்டோட சேர்த்து இதுவும் பங்குன்னு நெனச்சோம்கா,” என்றார், முழு மரியாதையோடு. “இந்தக் கூடு டிசைனுக்கு ஆர்டர்கூட வந்துடுச்சு. அடுத்தது எப்ப போடுவீங்க?”

படியிறங்கி வந்தேன். எங்கள் கீழ்த்தளத்தில் முதலாளி அவசர அவசரமாக என் புடவை ஓடும் தறிமேல் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார். வாசலில் பால்காரர் வந்திருந்தாராம்.