நான் வரைந்த தலைநகரமும் ஒரு மல்லாட்டைக் கொல்லையும்

நேற்று காலை கூரியர்காரர் போனில் கத்தினார். "சார், உங்க வூடு கண்ணுக்குத் தெரியுது சார், வழிதான் தெரியல." மதிலுக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் நின்றிருந்தார். மொட்டைமாடியிலிருந்து கையாட்டினேன். அவரும் ஆட்டினார். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. சுற்றி வந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர். "எவன் சார் இந்த நகருக்கு பிளான் போட்டவன்?" என்றார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அந்த எவன் நான்தான்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் மனை விற்கிறவர் ஒருவரிடம் படம் வரையும் வேலை. பட்டாளத்தில் இருந்த நண்பனைப் பார்க்கச் சண்டிகர் போனேன். போனவன் சப்பாத்தியைத் தின்றுவிட்டுச் சும்மா திரும்பியிருக்கலாம். அங்கே ஊரையே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்திருந்தார்கள். செக்டர் செக்டராக வீடுகள், எல்லாம் பெருஞ்சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முனைக்கு முனை ரவுண்டானா. ராசியில்லாத எண்ணாம், பதிமூன்றாம் செக்டரே கிடையாது. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. திரும்பும் ரயிலிலேயே என் தலைநகரத்தை வரையத் தொடங்கினேன். எனக்கு வாய்த்த தேசம் பதினெட்டு ஏக்கர்.

"யோவ், கட்டங்கட்டமா வெட்டிக் குடுய்யா, போதும்" என்றார் முதலாளி. கேட்பேனா? ஒன்பது செக்டர் போட்டு எட்டாம் எண்ணைத் தூக்கினேன். நம் ஜனங்களுக்கு ஆகாத எண் அதுதானே. நடுவில் ரவுண்டானா. ஊருக்கு ஒரே வாசல், அதுவும் நெடுஞ்சாலை இல்லாத பின்பக்கம். "ரோட்டப் பாத்தாப்ல ஒண்ணு குடுங்க, பொட்டிக்கடையாவது வெச்சிக்கினு பொழைப்பேன்" என்று கெஞ்சியவர்களிடம், "பிளான்ல இல்லீங்க" என்றேன். ரவுண்டானாவை அனுபவித்தவை ஆடுகள்தான், படுத்து அசைபோட அவ்வளவு தோது. ஒரு மனை வாங்கி நானும் குடியேறினேன்.

நெடுஞ்சாலையை ஒட்டி வீடுகளின் முதுகு; நடுவே எங்களுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையில் ஒரு துண்டு நிலம் மட்டும் விலைக்கு வரவில்லை. முனுசாமியின் மல்லாட்டைக் கொல்லை; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை. "ஏம்பா, எதுக்கால ரோட்ட வெச்சிக்கினு எங்கப்பா சுத்திக்கினு போறீங்க?" என்று முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் சிரிப்பார்.

ஒரு காலையில் என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆட்டோ வந்தது. வாசலுக்குப் போனால், அந்த ஒரே வாசலில் செங்கல் லாரி ஒன்று சக்கரம் புதைந்து நின்றது. திரும்பி வந்து ரவுண்டானாவைச் சுற்றினோம். ஆடுகள் பார்த்தன. இன்னொரு சுற்று. அதுவரை என்னை 'ங்க' போட்டே பேசி வந்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "யோவ், நீ போட்ட ஊர்லேர்ந்து வெளிய போற வழி உனக்காவது தெரியுமாய்யா?"

முனுசாமிக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. முள்ளை இழுத்துப் போட்டார். "கொல்லையில வுடுப்பா ஆட்டோவ! ஜல்தி!" இன்னும் பத்து நாளில் பிடுங்க வேண்டிய மல்லாட்டை. சக்கரத்தில் நசுங்கிய அந்தப் பச்சை வாசனையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அரைமணியில் மகள் பிறந்தாள்.

அப்புறம் அவர் அந்த வேலியை மூடவே இல்லை. அந்த இடத்தில் விதைக்கவும் இல்லை. ஊரே அதில் நடந்தது.

அவர் காலமானபின் பிள்ளைகள் கொல்லையை மனை போட்டார்கள். படம் வரைய என்னிடம்தான் வந்தார்கள். இந்தத் தடவை புத்தி வந்து கட்டங்கட்டமாகவே வெட்டினேன். பாதை விழுந்த இடம் நாலாம் மனை. அளவு பிசகாமல் வந்ததில் சந்தோஷம் வேறு. வாங்கியவர் மதில் எழுப்பினார்.

இப்போது மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் காட்டுகிறோம், அடுத்த வாரம் நாள். நேற்று சாயங்காலம் ஒத்திகை பார்த்தேன். வண்டியில் நெடுஞ்சாலையைத் தொடவே ஏழு நிமிடம். மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மதில்காரரிடம் போய் நின்றேன். ஒரு சின்ன கேட், ஒரு மாசத்துக்கு மட்டும் என்றேன். நல்ல மனுஷர், காபி கொடுத்தார். பிறகு பிளானை விரித்து வைத்துத் தேடினார். "எங்க சார் வழி? பிளான்லயே இல்லியே." கீழ்மூலையில் வரைந்தவர் என்று என் கையெழுத்து.

முனுசாமி எந்தப் பிளானையும் பார்த்தவரில்லை. அந்த முள்ளை இழுத்துப் போட அவருக்கு அரை நிமிடம் ஆனது.