ஓடுபாதையில் உடைத்த தேங்காய்

புனேக்கு வெளியே இருக்கும் இந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு ஒரு விமானக் கொட்டகை. வாசல் தெரு நேராக ஓடுபாதையில் போய்ச் சேர்கிறது. இறக்கை இடிக்கும் என்று தெருவில் விளக்குக் கம்பமே நடவில்லை.

புனே பக்கத்துத் தேஹு ரோடு ஊரில் பிறந்து வளர்ந்த செல்வி அக்கா, தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டிய சின்ன விமானத்தை இன்றுதான் முதன்முதலாக ஓட்டப்போகிறார். அவர் கணவர் குமார் அண்ணன், புது வண்டிக்குச் செய்வதுபோல் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். யாரும் தடுப்பதற்குள் ஓடுபாதையிலேயே தேங்காயை ஓங்கி அடிக்கிறார். அது நாலாபக்கமும் சிதறுகிறது.

"அரே, என்ன பண்ணிட்டீங்க? ஒரு சில்லு தெறிச்சு ப்ரொபெல்லர்ல பட்டா எல்லாம் காலி!" என்று அக்கா கத்துகிறார்.

"தேங்கா ஒடைக்காம என்ன பூஜை?" என்று முனகினாலும் அண்ணன்தான் முதலில் குனிகிறார்.

பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் ஜாடுவோடு ஓடிவந்து பெருக்குகிறார்கள். பொறுக்கிய சில்லுகளை ஒரு தட்டில் பொருத்திவைத்து, முழுத் தேங்காய் ஆகிறதா என்று அக்கா பார்க்கிறார். ஒரு ஓட்டை மிச்சமிருக்கிறது. எல்லோரும் மறுபடி தேடுகிறோம். கடைசியில் அந்தச் சில்லு, வேடிக்கை பார்க்க வந்த என் செருப்படியில் குத்திக்கொண்டு நிற்கிறது!

அக்கா ஏறி உட்கார்கிறார். எலுமிச்சை நசுங்குகிறது. விமானம் உறுமி ஓடி, தரையை விட்டு எழும்பியே விடுகிறது. கைதட்டலும் விசிலும் அடங்கவில்லை.

தேங்காய்த் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அண்ணன் ஆகாயத்தைப் பார்த்துக் கத்துகிறார்: "பாத்தியா செல்வி, ஒடச்சதாலதான் பறக்குது!"