பொன்னியம்மா காதால் பார்த்த சீரியல்

கொரியாக்காரர்களைப் பற்றி சேக்காட்டில் யாருக்காவது சந்தேகம் வந்தால் பொன்னியம்மாவைக் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லுவாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது சொல்லுவாள், ரேஷன் கடை வரிசையில் சொல்லுவாள், ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லுவாள்.

"பதினாறே எபிசோடு. பொறப்பு, சாவு, கல்யாணம், சொத்துத் தகராறு, அல்லாத்தையும் முட்சிட்டு ஊட்டுக்குப் போய்டுறான். நம்மாளுங்க ஒருத்தி மாடிப்படி எறங்கறதையே பதினாறு நாளு இழுப்பானுங்க." இதுதான் அவள் கட்சி. சீனாக்காரர்கள்மேல் அவ்வளவு மரியாதை கிடையாது. "கத்திச் சத்தத்துல காது பிஞ்சிடுது. யாரு யார வெட்னான்னு தெரியறதுக்குள்ள பத்து எபிசோடு ஓடிப்பூடுது." ஜப்பான்காரன் பாவம், மனசில் இருப்பதைச் சொல்லவே மாட்டான், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுக் கதையை முடித்துவிடுவான். துருக்கி ஹீரோக்கள் ஓயாமல் கத்துகிறார்கள். அதற்குப் பக்கத்து வீட்டு ஆள் போதாதா என்று அவர்களை ஒதுக்கிவிட்டாள். கொரியாவிலும் ஒரு குறை உண்டு. அங்கே பணக்கார மாமியார்களுக்குக் கோபம் வந்தால் டம்ளர் தண்ணீரை மருமகளின் மூஞ்சியில் ஊற்றுவார்கள். சளப்பென்று அந்தச் சத்தம் கேட்டதும் இவளுக்கு வயிறு எரியும். "அடிப்பாவி, நல்ல தண்ணிடி அது!"

இவ்வளவு சட்டம் பேசுகிறவள் ஒரு சீரியலையும் சரியாகப் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். பொன்னியம்மாவுக்கு வேலை ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டுவது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அச்சில் வார்த்த வாஷர்கள் மூட்டையாக வீட்டுக்கு வரும். ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சின்னக் கத்தரியால் நறுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுத்தால் வாஷரும் போச்சு, விரலும் போச்சு. ஆகவே சாயங்காலம் நாலு மணிக்கு டிவியைப் போட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி, தமிழில் பேசும் கொரியாக்காரர்களைக் காதால்தான் பார்ப்பாள். எப்போதாவது பாட்டு வந்தால் நிமிர்வாள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் முனியன் இதற்கு நேர் எதிர். அவன் பார்ப்பான், கேட்க மாட்டான். இருபத்தெட்டு வருடம் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு அடித்தவன். தட், தட் என்று நாள் முழுக்க விழுந்த அடியில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஐம்பத்தைந்து வயதில் சுத்தமாக அடைத்துவிட்டது. காது மிஷின் வாங்கி வைத்தார்கள். தலைக்குள் இன்னொரு பிரஸ் ஓடுகிறது என்று கழற்றிப் பீரோவில் போட்டுவிட்டான். அதற்கப்புறம் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அவனுக்குக் கேட்கட்டும் என்று கத்தினால், உப்பு போதுமா என்று கேட்பதுகூடத் தெருவுக்குச் சண்டை மாதிரிக் கேட்டது. எதற்கு வம்பு என்று இருவரும் பேச்சையே விட்டுவிட்டார்கள். ஒரே வீட்டில் ரெண்டு பேர் அப்படி வாயை மூடிக்கொண்டு வாழ்வது கொடுமை. பொன்னியம்மா மாதிரி ஒருத்திக்கு அது தண்டனை.

நாலு வருடத்துக்கு முன் மகள் அனுசுயா பெரிய டிவி வாங்கி இந்த சீரியல்களைப் போட்டுக் காட்டினாள். அன்றைக்குத்தான் பேச்சு திரும்பி வந்தது. பேச்சு என்றால் சண்டை. அவன் முகத்தைப் பார்த்து ஒன்று சொல்லுவான், இவள் குரலைக் கேட்டு வேறொன்று சொல்லுவாள். அவன் தோளைத் தட்டி, வாயை நிதானமாக அசைத்து, கையை ஆட்டிப் பதில் கொடுப்பாள். வாயசைவைப் பார்த்து அவனுக்குப் புரிந்துவிடும். அவனுக்குத் தன் குரல் கேட்காதே, ரகசியம் பேசுவதாக நினைத்து அவன் சொல்லுவது தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும். "இவன் பொய் சொல்றான் பொன்னீ!" என்று அவன் கிசுகிசுத்தால் டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

போன வருடம் ஒரு கொலைகாரக் கதை வந்தது. மருந்துக்கடைக்காரன்தான் கொலைகாரன் என்று நாலாவது எபிசோடிலேயே முனியன் சொல்லிவிட்டான். பொன்னியம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. மருந்துக்கடைக்காரனுக்கு வந்த குரல், அதற்கு முந்தின கதையில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கு வந்த குரல். "அந்தக் கொரலு கொல பண்ணாது" என்று அடித்துச் சொன்னாள். "அம்மா, ஆளே வேறம்மா. தமிழ்ல பேசறவரு மட்டும் ஒருத்தரு" என்று அனுசுயா எவ்வளவோ விளக்கினாள். கடைசி எபிசோடில் மருந்துக்கடைக்காரன் கையில் விலங்கு மாட்டினார்கள். அப்போதும் பொன்னியம்மா சொன்னாள்: "போலீஸ் பொய்க் கேசு போட்டுக் கீறான்." அவள் முனியனிடம் ஒரு தடவைகூட, நீ சொன்னது சரி என்று சொன்னது கிடையாது. சொல்லுவாளா அவள்!

இந்த வருடத்துக் கதை ஒரு பேக்கரிக்காரப் பெண்ணைப் பற்றியது. அவளைப் பெண் கேட்டு வந்தவன் நீளக் கோட்டுப் போட்ட பணக்காரன். கோட்டுக்காரனுக்கும் அதே டாக்டர் குரல் வந்ததில் பொன்னியம்மா அவன் கட்சியில் சேர்ந்துவிட்டாள். ஒன்பதாவது எபிசோடில் நிச்சயதார்த்த விருந்து. நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன் என்று அந்தப் பெண் சொன்னாள்.

"அழுவுறா பாரு" என்றான் முனியன்.

பொன்னியம்மா அவனைத் தட்டினாள். "எங்கய்யா அழுவுறா? கணீர்னு பேசுறா."

"கண்ணுல தண்ணி இல்லடி, மனசுல அழுவுறா. கட்டவெரல உள்ளார மட்ச்சி முட்டிய இறுக்கிகினு கீறா. கத்திரிய வச்சிட்டு நிமுந்து பாரு."

அவள் நிமிரவில்லை. பன்னிரண்டாவது எபிசோடில் பேக்கரிப் பெண் மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தாள். முனியன் மீசையைத் தடவினான். "டைரக்டரு கதைய மாத்திட்டான்" என்று பொன்னியம்மா இன்னொரு மூட்டையைப் பிரித்தாள்.

அந்த வாரம்தான் அனுசுயாவுக்கு ஒரு வரன் வந்தது. அனுசுயாவுக்கு இருபத்தாறு வயது. ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வீட்டில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள். பையன் இளங்கோ, ஐயப்பன்தாங்கல் பக்கம் சொந்த வீடு, மெக்கானிக்கல் படித்து ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தரகர் நம்பர் கொடுத்ததும் அவனே போன் செய்தான். "அத்தை, சாப்டீங்களா? கை வலி எப்படி இருக்கு? வாஷர் வெட்டுறீங்களாமே, கண்ணைப் பாத்துக்குங்க அத்தை."

அவ்வளவுதான், பொன்னியம்மா விழுந்தாள். அச்சு அசல் டாக்டர் குரல்! மறுநாள் காலை தண்ணீர் லாரி வந்துபோவதற்குள் சேக்காடு முழுக்கச் சேதி பரவிவிட்டது. மாப்பிள்ளை குரலைக் கேட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று வெள்ளானூரில் இருக்கும் தங்கச்சிக்கும் போன் போட்டுச் சொன்னாள். அனுசுயாவிடமும் பத்து நாள் பேசினான். புடிச்சிருக்கா என்று அம்மா கேட்டபோது, "ஓகேம்மா" என்றாள் மகள். பொன்னியம்மாவின் கையில் அப்போதும் கத்தரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இளங்கோவும் அவன் அம்மா சாவித்திரியும் சொந்தக்காரர்கள் நாலு பேரும் வந்தார்கள். அனுசுயா காபித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். சாவித்திரி சிரித்த முகம். இளங்கோவும் லட்சணமான பையன், ஒரு குறை சொல்ல முடியாது. "உனக்கு சம்மதம்தானேம்மா?" என்று சாவித்திரி கேட்டாள்.

"சம்மதம்தான் ஆன்ட்டி" என்றாள் அனுசுயா. குரலில் ஒரு பிசிறு இல்லை.

முனியன் பொன்னியம்மாவின் பக்கம் சாய்ந்தான். ரகசியம் சொன்னான்.

"பொண்ணுக்குப் புடிக்கல பொன்னீ! சிரிச்சா கன்னத்துல குழி வுழுமே, வுழல பாரு!"

ஊரே கேட்டது. இளங்கோவின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. சொந்தக்காரர் ஒருவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். முனியன் மட்டும் யாருக்கும் தெரியாமல் சேதி சொல்லிவிட்ட நிம்மதியில் உட்கார்ந்திருந்தான்.

பொன்னியம்மா முந்திக்கொண்டாள். "அய்யய்ய, தப்பா எட்த்துக்காதீங்க. அவுருக்குக் காது சுத்தமா கேக்காது. டிவியப் பாத்துப் பாத்து வாய்க்கு வந்தத பேசுவாரு" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அனுசுயாவும் சிரித்தாள். பொன்னியம்மா அப்போது தற்செயலாக அவள் கன்னத்தைப் பார்த்தாள்.

"அப்போ நல்ல நேரத்துலயே தட்டை மாத்திக்கலாமா?" என்றாள் சாவித்திரி.

"தோ, எட்த்தாறேன்" என்று பொன்னியம்மா எழுந்தாள். "அனு, வெத்தல எங்க வச்சே, வா" என்று மகளையும் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள்.

"இன்னாடி, புடிக்கலியா?"

"யார் சொன்னா? ஓகேதாம்மா. அப்பா ஏதோ சொல்றாருன்னு நீ வேற." கணீரென்ற குரல். கேட்டால் யாரும் நம்பிவிடுவார்கள்.

பொன்னியம்மா ரெண்டு கையாலும் தன் காதை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"இப்போ சொல்லு."

"என்னம்மா பண்ற?"

"சொல்லுடி."

அனுசுயா வாயைத் திறந்தாள். ஓகே என்றுதான் சொல்ல வந்திருப்பாள். பொன்னியம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குழி விழாத கன்னம் இழுத்துக்கொண்டதும், கீழ் உதடு கோணிக்கொண்டு போனதும், கண் அம்மாவை விட்டுவிட்டு காஸ் அடுப்புக்கு ஓடியதும்தான் தெரிந்தது. இருபத்தாறு வருடம் பெற்று வளர்த்த முகம். இப்படி முழுசாகப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது! அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையை எடுத்தபோது மகள் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆனதும் வேலைய விட்டுடச் சொல்றாரும்மா. யோசிச்சு சொல்றேன்னேன். யோசிக்க என்னம்மா இருக்கு, நான் பாத்துக்க மாட்டேனான்னு கேக்குறாரு. தினமும் அன்பாத்தான் கேக்குறாரு. அந்த அன்புக்கு மாட்டேன்னு சொல்லவே வரல."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?"

"நீதான் தெரு பூரா சொல்லிட்டியேம்மா."

அந்த ஒரு வார்த்தை போதும். பொன்னியம்மா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. இன்னிக்கித் தட்டு மாத்த வேணாம்" என்றாள். பிறகு இளங்கோவைப் பார்த்தாள். "தம்பி, எம்பொண்ணு வேலைய உடமாட்டா. உங்களுக்குச் சரின்னா அப்புறமா பேசுங்க. இல்லன்னா நல்ல எடமா பாத்துக்குங்க, மனசுல வச்சிக்காதீங்க."

இளங்கோ தலையைக் குனிந்துகொண்டான். சாவித்திரியின் சிரிப்பு போய்விட்டது. "இதென்னங்க, இப்போதானே உங்க பொண்ணு அவ வாயாலயே சம்மதம்னு சொன்னா? நீங்களும் கேட்டீங்களே?"

"கேட்டேங்க" என்றாள் பொன்னியம்மா. "பாக்கல."

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அனுசுயா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாளைக்குத் தண்ணீர் லாரி அருகே என்ன சொல்லுவது என்ற கவலை பொன்னியம்மாவுக்கு இருந்தது, இருக்காதா? ஆனாலும் முனியன் எதிரில் போய் உட்கார்ந்து, அவன் தோளைத் தட்டினாள்.

"இன்னா ஆச்சி? ஏன் எழுந்து பூட்டாங்க? நான் மெதுவாத்தானே சொன்னேன்?" என்று அவன் கத்தினான்.

பொன்னியம்மா அவன் முகத்துக்கு நேராக வாயை அசைத்தாள். "நீ சொன்னது சரி."

நாலு வருடமாக அவள் உதட்டையே பார்த்துப் பழகியவன். ஒரு எழுத்துத் தப்பாமல் புரிந்துவிட்டது. இருந்தாலும் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "இன்னா?" என்றான்.

"நீ சொன்னது சரிய்யா."

"ஆங்?"

மூன்றாவது தடவை அவள் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னாள்.