பால் நிற்கக் கட்டிய பூ

தங்கச் சுரங்க ஊரான எங்கள் சாம்பியன் ரீப்ஸில் முதல் பிரசவக்காரிகளுக்கு வாரம் ஒருமுறை தாய்ப்பால் வகுப்பு நடக்கும். ஏழாம் மாதத்திலிருந்து ஒரு வாரம்கூட நான் விட்டதில்லை. வகுப்பெடுத்த நர்ஸக்கா துணியில் பஞ்சடைத்த ஒரு மார்பும் ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் வைத்திருந்தார். குழந்தை வாயை நன்றாகத் திறந்த பிறகே மார்பில் வைக்க வேண்டும், காம்பை மட்டும் கொடுக்கக் கூடாது, பால் கட்டிக்கொண்டால் கையால் பிழிந்து எடுக்க வேண்டும். பரீட்சை வைத்திருந்தால் நான்தான் முதல் மார்க். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஒன்பதாம் மாதம், வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுவிட்டது. பையன். என் கணவரும் அவர் அண்ணனும் கல்லறைக்கு எடுத்துப் போனார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "போனது போவட்டும், வயசு கீது, இன்னொண்ணு பெத்துக்கலாம்." அவன் மூக்கு யார் மாதிரி என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிரசவம் ஆன மூன்றாம் நாள் பால் வந்தது. குழந்தை போனால் பாலும் வராது என்றே நினைத்திருந்தேன். மார்பு கல்லாக இறுகிக் காய்ச்சல் அடித்தது. படித்த பாடம்தான் இருக்கிறதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டம்ளரில் பிழிந்து கொட்டினேன். பிழியப் பிழிய இன்னும் ஊறியது. இரண்டு நாள் இப்படியே பாடுபட்டுவிட்டு நர்ஸக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, எடுக்க எடுக்க ஊறும்மா. வலி தாங்கலன்னா மட்டும் கொஞ்சூண்டு எடு," என்றார்.

"நிறுத்துறது எப்படின்னு ஏன்கா சொல்லித் தரல?"

"வயித்துப் புள்ளக்காரிங்க முன்னாடி அத எப்படிம்மா சொல்றது?"

அவர் அழுதார். எனக்குக் கோபம் தீரவில்லை.

என் மாமியார் வேலூர்ப் பக்கம். மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்று சொல்லி, கணவரிடம் நாலு முழம் வாங்கிவரச் சொன்னார். அவர் மார்க்கெட்டுக்குப் போய் ஐந்து முழத்தோடு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"இவ்ளோ பூவு இன்னா விசேஷம்னு பூக்காரம்மா கேட்டாங்க. எனக்கு வாயில வேற எதுவும் வரல. பையன் பொறந்துகிறான்னு சொல்லிட்டேன். நல்லா இருக்கட்டும்னு ஒரு முழம் சும்மா குடுத்தாங்க."

மாமியார் ஐந்து முழத்தையும் என் மார்பில் சேர்த்து வைத்து, பழைய புடவைத் துணியால் இறுக்கிக் கட்டினார். தினமும் புதுப் பூ மாற்றினார். வீடு முழுக்கக் கல்யாண வாசனை. ஒரு வாரத்தில் பால் நின்றது.

கணவர் பொய் சொல்லிவிட்டு வந்ததாக மாமியார் அப்புறம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பையன் பிறந்தது பொய்யா என்ன? அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அந்தப் பூக்காரம்மாதான்.