ஆறின சோற்றுக்கு முதல் போணி

தோவாவைப் பற்றி இந்த ஹுவே நகரத்தில் யாரைக் கேட்டாலும் வாய்க்காரி என்பார்கள். சரிதான். ஆனால் அவள் கையால் ஆற்றுச் சிப்பிக் கறி போட்ட மட்டிச் சோறு தின்றுவிட்டுத்தான் அதையும் சொல்வார்கள்.

இருபத்திரண்டு வருஷம் காவடிக் கூடையில் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் மட்டிச் சாறுமாகத் தெருத்தெருவாய்ச் சுமந்தவள். டோங் பா சந்தையில், என் அப்பக் கடைக்குப் பக்கத்தில், அவளுக்கென்று ஓரிடம் அமைந்தது புத்தாண்டு கழிந்த ஏழாம் நாள். புதுக்கடையில் முதல் போணி எப்படியோ, வருஷம் அப்படி. முதலில் உட்கார்ந்த ஆள் சாப்பிடாமல் எழுந்து போனால் அந்தக் கடை தேறாது. இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அன்று விடிந்ததும் வந்து உட்கார்ந்தவள் லியென் என்ற ஹனோய்க்காரி. ஊர் பார்க்க வந்தவள். முந்தின நாள் கோட்டையைச் சுற்றியதில் கால் வீங்கிவிட்டது என்றாள். செத்த ராஜா படுத்திருக்க இத்தனை பெரிய தோட்டமா, குளமா என்று கேட்டாள். ஆற்றில் படகுக்காரி மழை கொட்டியும் பாட்டை நிறுத்தவில்லையாம். அவள் பேசி முடிப்பதற்குள் தோவா கிண்ணத்தில் சோறு போட்டு, மேலே மட்டி, வாழைத்தண்டுச் சீவல், வேர்க்கடலை, பொரித்த பன்றித் தோல், இறால் விழுது, மிளகாய் எல்லாம் வைத்து நீட்டினாள். லியென் கிண்ணத்தைத் தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, சோறு ஆறிக் கிடக்கே. சூடு பண்ணித் தாங்க."

"மட்டிச் சோறு ஆறின சோத்துலதான்."

"காசு குடுத்துப் பழசு திங்கவா இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தேன்?"

பையைத் தோளில் மாட்டிவிட்டாள். என் அப்பப் பானையில் ஆவி வந்துகொண்டுதானே இருக்கிறது, கிண்ணத்தை ஒரு நிமிஷம் அதில் வை என்று தோவாவின் காதைக் கடித்தேன்.

"சூடு பண்ணினா அது வேற சாப்பாடு, அத்தை. அதுக்குப் போணி ஆனா எனக்கென்ன?" என்றாள். பிறகு லியென் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, இன்னைக்குத்தான் கடை தொறந்தேன். நீதான் மொத ஆளு. நீ எந்திரிச்சுப் போனா என் வருஷமே போச்சு. அதுக்காகச் சூடு பண்ண மாட்டேன். சுடுசோத்துல மட்டி நாறும். சாறு கொதிக்குது பாரு, அதைக் குடிச்சுக்கிட்டே சாப்பிடு."

"கெஞ்சுறீங்களா, மெரட்டுறீங்களா?"

"ரெண்டுந்தான்."

லியெனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையை இறக்கினாள். முதல் வாயில் முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் வாயில் மிளகாய் ஏறி மூக்கும் கண்ணும் ஒழுகின. சாற்றை உறிஞ்சினாள், தோவாவைச் சபித்தாள், மறுபடி அள்ளினாள். கிண்ணத்தை வழித்துவிட்டு, இன்னொன்று வேண்டும் என்று நீட்டினாள். மீதி ராஜாக்களின் சமாதி எங்கேயும் ஓடிவிடாது, மத்தியானம் பார்த்துக்கொள்ளலாமாம்.

சண்டை பார்க்க நின்றவர்கள் ஒவ்வொருவராக முக்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் தோவா பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அப்பம் மிஞ்சியது.

சூடு பண்ணிக் கொடுத்திருந்தாலும் கடை ஓடியிருக்கும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். தோவா ஒத்துக்கொள்வதில்லை.